சாம்ராஜ்யம் முடிந்த பிறகு பெட் ஷாப் பாய்ஸ்

கேள்வி இதுதான்: "'வெஸ்ட் எண்ட் கேர்ல்ஸ்', 'இட்ஸ் எ சின்' இரண்டும் தெரியும். 80களுக்குப் பிறகு பெட் ஷாப் பாய்ஸ் என்ன ஆனார்கள்? பழைய பாட்டுகளை வைத்தே காலம் தள்ளுகிறார்களா, இல்லை அதற்குப் பிறகு வந்ததிலும் கேட்க ஏதாவது இருக்கிறதா?"

நிறைய இருக்கிறது. என்னைக் கேட்டால், அவர்கள் செய்ததில் மிகச் சிறந்தது எல்லாமே நீங்கள் கேட்பதை நிறுத்திய இடத்துக்கு அப்புறம்தான் தொடங்குகிறது. விற்பனை இறங்க ஆரம்பித்தபோது பாட்டு ஏறியது. முப்பது வருடத்துக்கும் மேலாக அவர்களைக் கேட்டு வருகிறவன் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உச்சம் எவ்வளவு உயரம் என்று தெரிந்தால்தான் இறக்கம் புரியும். பெட் ஷாப் பாய்ஸ் என்பது இரண்டே பேர் கொண்ட பிரிட்டிஷ் பாப் குழு. பாடகர் நீல் டென்னன்ட்டும் கீபோர்டு வாசிக்கும் கிறிஸ் லோவும் 1981 ஆகஸ்டில் லண்டன் கிங்ஸ் ரோட்டில் ஒரு மின்னணுச் சாமான் கடையில் சந்தித்தவர்கள். டென்னன்ட் பத்திரிகை, பதிப்பகம் என்று வேலை பார்த்தவர், லோ கட்டிடக்கலை மாணவர். 1986 ஜனவரியில் 'வெஸ்ட் எண்ட் கேர்ல்ஸ்' பிரிட்டனில் முதலிடம், மே மாதம் அமெரிக்காவிலும் முதலிடம். 1987 ஜூலையிலிருந்து 1988 ஏப்ரல் வரை, பத்தே மாதத்தில், பிரிட்டனில் இன்னும் மூன்று முதலிடங்கள்: 'இட்ஸ் எ சின்', கிறிஸ்துமஸ் வாரத்தில் 'ஆல்வேஸ் ஆன் மை மைண்ட்', பிறகு 'ஹார்ட்'. எதை வெளியிட்டாலும் ஜெயித்த காலம் அது.

1988 இலையுதிர்காலத்தில் 'டாமினோ டான்சிங்' வந்தது. மயாமிக்குப் போய், லத்தீன் நடன இசையில் கைதேர்ந்த லூயிஸ் மார்ட்டினேயோடு சேர்ந்து செய்த பாட்டு. பிரிட்டன் தரவரிசையில் ஒன்பதாம் இடத்தில் நுழைந்து ஏழாம் இடத்தோடு நின்றுவிட்டது. வேறு யாராக இருந்தாலும் ஏழாம் இடத்துக்கு விருந்து வைத்திருப்பார்கள். டென்னன்ட் அந்த எண்ணைப் பார்த்ததும், சரி, நம்முடைய சாம்ராஜ்ய காலம் முடிந்தது என்று நினைத்ததாகப் பின்னாளில் சொன்னார். 'இம்பீரியல் ஃபேஸ்' என்ற அந்தச் சொல்லை இன்று பாப் இசை பற்றி எழுதுகிற எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். எந்தப் பாடகரைப் பற்றிப் பேசினாலும் அவருடைய சாம்ராஜ்ய காலம் எது என்று கேட்கிறார்கள். அந்தச் சொல் பிறந்தது, தன் காலம் முடிந்ததைத் தானே கணித்துச் சொன்ன ஒருவரின் வாயில்.

அவரால் எப்படிக் கணிக்க முடிந்தது? பாடகராவதற்கு முன்னால் டென்னன்ட் 'ஸ்மாஷ் ஹிட்ஸ்' பத்திரிகையில் துணை ஆசிரியராக இருந்தார். பதின்வயதினர் வாங்கிப் படித்து, நடுப்பக்கப் படத்தைச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் பத்திரிகை. இந்த மாதம் அட்டைப்படத்தில் இருக்கிறவர் அடுத்த வருடம் எங்கே என்று தேட வேண்டியிருப்பதை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவர் அவர். முதல் பெரிய வெற்றி வந்தபோது அவருக்கு வயது 31. புகழுக்கு ஒரு ஆயுள் உண்டு என்பது புகழ் வருவதற்கு முன்பே அவருக்குத் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. உச்சத்தில் இருந்தபோதே, உச்சத்துக்குப் பிறகு ஒரு பாடகருக்கு என்ன ஆகும் என்பதை அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டார்கள். டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்ட் 60களின் பெரும் பாடகி. 80களின் நடுவில் அவரை எல்லோரும் கிட்டத்தட்ட மறந்திருந்தார்கள். 'வாட் ஹேவ் ஐ டன் டு டிசர்வ் திஸ்?' பாட்டுக்கு அவர்தான் வேண்டும் என்று இவர்கள் பிடிவாதமாக நின்றார்கள். 1987இல் வெளிவந்த அது பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இரண்டாம் இடம் வரை போனது. அடுத்து அவருக்காகவே பாட்டு எழுதினார்கள், 1990இல் வந்த அவருடைய 'ரெபுடேஷன்' ஆல்பத்தில் ஒரு பகுதியைத் தயாரித்துக் கொடுத்தார்கள். 1989இல் அமெரிக்கப் பாடகி லைசா மினெல்லிக்கு ஒரு முழு ஆல்பம். அந்தக் குரல்களோடு ஸ்டூடியோவில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒன்று விளங்கியிருக்கும் என்று நினைக்கிறேன்: தரவரிசை கைவிட்டாலும் குரல் அங்கேயேதான் இருக்கிறது, அதற்கேற்ற பாட்டுதான் வேண்டும்.

சரி, 1990க்கு வருவோம். பிரிட்டனில் ஹவுஸ் இசையும் ரேவ் கொண்டாட்டங்களும் கொடிகட்டிப் பறந்த வருடம். நடன இசையிலிருந்து வந்தவர்கள் அந்த அலையில் ஏறுவார்கள் என்றுதான் யாரும் எதிர்பார்த்திருப்பார்கள். இவர்களோ மியூனிக்குக் கிளம்பி, ஜெர்மன் தயாரிப்பாளர் ஹெரால்ட் ஃபால்டர்மயரோடு உட்கார்ந்து, பழைய அனலாக் சின்தசைசர்களை வைத்து 'பிஹேவியர்' என்ற ஆல்பத்தைச் செய்தார்கள். மெதுவானது, இலையுதிர்கால வெளிச்சம் மாதிரி மங்கலானது. சில இடங்களில் 'தி ஸ்மித்ஸ்' குழுவில் இருந்த ஜானி மாரின் கிட்டார், திரைப்பட இசையமைப்பாளர் ஆஞ்சலோ படலமென்டி எழுதிய வயலின் வரிசைகள். பிரிட்டனில் இரண்டாம் இடத்தைப் பிடித்தது. ஆனால் அதிலிருந்து தனிப்பாட்டாக வெளியிட்ட இரண்டாவது சிங்கிளான 'பீயிங் போரிங்' இருபதாம் இடத்தைத் தாண்டவில்லை.

இந்த ஒரு பாட்டில் கொஞ்சம் நிற்கிறேன். டென்னன்ட் நியூகாசிலில் வளர்ந்த காலத்தின் நெருங்கிய நண்பர் ஒருவர் எய்ட்ஸ் நோயால் இறந்துபோனார். அந்த நண்பரைப் பற்றி அவர் மூன்று பாட்டுகள் எழுதினார். நோய் பற்றித் தெரியவந்த காலத்தில் ஒன்று, இறுதிச் சடங்கைப் பற்றி 'யுவர் ஃபன்னி அங்கிள்' என்று ஒன்று, மூன்றாவது 'பீயிங் போரிங்'. 70களில் அந்த நண்பர்கள் கூட்டம் நடத்திய ஒரு விருந்தின் அழைப்பிதழில் அமெரிக்க எழுத்தாளர் ஸெல்டா ஃபிட்ஸ்ஜெரால்டின் வாசகம் ஒன்று அச்சாகியிருந்தது. தலைப்பும் பல்லவியும் அதிலிருந்து கிளைத்தவை. முதல் சரணத்தில் பழைய புகைப்படங்களும் அழைப்பிதழும் வருகின்றன. இரண்டாவதில் 70களில் ஒரு பையைத் தோளில் போட்டுக்கொண்டு ரயிலேறும் இளைஞன். மூன்றாவதில் அந்த இளைஞன் 90களில் நின்று திரும்பிப் பார்க்கிறான். அவன் நினைத்தபடியே வாழ்க்கை அமைந்துவிட்டது, கூட இருக்க வேண்டியவர்கள்தான் இல்லை.

நோயின் பெயர் பாட்டில் எங்கும் வராது. மரணம் என்ற சொல்லும் வராது. குரல் உயராது, அழாது. அந்த நோய் ஒரு தலைமுறையின் நண்பர் வட்டங்களைச் சூறையாடிக்கொண்டிருந்த நேரத்தில், அதைப் பற்றி இவ்வளவு அமைதியாக, இவ்வளவு துல்லியமாக எழுதப்பட்ட வேறொரு பாப் பாட்டு எனக்குத் தெரியாது. முதலிடத்துக்காக எழுதிக்கொண்டிருந்தவர்களிடமிருந்து இது வந்திருக்காது. ஆறரை நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது, நடுவில் குதித்துப் பாடும் இடம் எதுவும் இல்லை. இருபதாம் இடத்தில் தங்கிவிட்ட அந்தப் பாட்டுதான் இன்று அவர்களுடைய ரசிகர்கள் பலருக்கு முதல் பாட்டு. கச்சேரியின் கடைசியில் அதைப் பாடும்போது ஆயிரக்கணக்கானோர் கூடவே பாடுகிறார்கள். இருபதுகளில் கேட்டபோது எனக்கு அதன் மெட்டுதான் பிடித்தது. அறுபதை நெருங்குகிற இந்த வயதில் மூன்றாம் சரணத்தை முழுதாகக் கேட்டு முடிப்பதே கடினமாக இருக்கிறது.

அமெரிக்கா மட்டும் திரும்பி வரவேயில்லை. 'டாமினோ டான்சிங்' அங்கே பதினெட்டாம் இடம். அதற்குப் பிறகு இவர்களுடைய எந்தப் பாட்டும் அமெரிக்காவின் பிரதான தரவரிசையில் முதல் நாற்பதுக்குள் வந்ததில்லை. நடன விடுதிகளுக்கான தரவரிசையில் மட்டும் பல வருடங்கள் தொடர்ந்து இடம்பிடித்தார்கள். உலகின் மிகப்பெரிய சந்தை கதவைச் சாத்திய பிறகு, ஐரோப்பாவையும் தென் அமெரிக்காவையும் நம்பி முப்பது வருடத்துக்கு மேல் ஒரு பாப் வாழ்க்கையை நடத்த முடிந்ததே பெரிய விஷயம்தான்.

1993இல் ஒரு சின்ன ஆச்சரியம் நடந்தது. 'வெரி' ஆல்பம் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. இவர்களுடைய ஆல்பங்களில் அங்கே முதலிடம் பிடித்தது இன்றுவரை அது ஒன்றுதான். சாம்ராஜ்யம் முடிந்ததாகச் சொல்லி ஐந்து வருடம் கழித்து! ஆரஞ்சு நிறத்தில், மேலே புள்ளி புள்ளியாகப் புடைத்த பிளாஸ்டிக் பெட்டியில் வந்தது. கூர்த்தொப்பி, ஒற்றை நிற உடை, கணினியில் வரைந்த உலகம் என்று காட்சிகளையும் தலைகீழாக மாற்றியிருந்தார்கள்.

அதிலிருந்த 'கோ வெஸ்ட்' இரண்டாம் இடம் வரை போனது. மூலப்பாட்டு 1979இல் வில்லேஜ் பீப்பிள் பாடியது, ஓரினக் காதலர்களுக்கு சான் பிரான்சிஸ்கோ ஒரு கனவு நிலமாகத் தெரிந்த காலத்துப் பாட்டு. 1992இல் மான்செஸ்டரில் எய்ட்ஸ் நிதிக்காகத் திரைப்பட இயக்குநர் டெரக் ஜார்மன் ஏற்பாடு செய்த ஒரு நிகழ்ச்சியில் இவர்கள் அதை முதலில் பாடினார்கள். நடுவில் கடந்த பதின்மூன்று வருடத்தில் அந்தக் கனவு நிலத்துக்குப் போனவர்களில் எத்தனையோ பேர் இறந்துவிட்டிருந்தார்கள். போதாததற்குச் சோவியத் ஒன்றியமும் உடைந்திருந்தது, மேற்கே போவோம் என்பதற்கு இன்னொரு அர்த்தமும் சேர்ந்துவிட்டது. காணொளியில் செம்படை போல வீரர்கள் வரிசையாக அணிவகுக்கிறார்கள். ஆண்குரல்களின் சேர்ந்திசை பாட்டைக் கொண்டாட்டமாகத் தூக்கிக்கொண்டு போகும், டென்னன்ட்டின் குரலில் மட்டும் ஒரு துயரம் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த மெட்டை அப்புறம் கால்பந்து ரசிகர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஐரோப்பிய மைதானங்களில் இன்றைக்கும் அதற்குத் தங்கள் அணியின் வரிகளைப் போட்டுப் பாடுகிறார்கள். பாடுகிறவர்களில் பலருக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்காது.

1994இல் டென்னன்ட் 'ஆட்டிட்யூட்' இதழில் தான் ஓரினக் காதலர் என்று வெளிப்படையாகச் சொன்னார். கவனமாகக் கேட்டவர்களுக்கு அது புதுச் செய்தி இல்லை. ஆனாலும் அதற்குப் பிறகு பாட்டு வரிகளில் ஒரு நேர்மையான இலகுத்தன்மை வந்தது உண்மை.

90களின் இரண்டாம் பாதியை வேகமாகக் கடந்துவிடலாம். பிரிட்பாப் அலை அடித்த நேரத்தில் கிட்டார் இல்லாதவர்களுக்கு மரியாதை குறைவு. 'பைலிங்குவல்' (1996) லத்தீன் தாளங்களும் பிரேசில் முரசுகளும் நிறைந்த நல்ல ஆல்பம். 'நைட்லைஃப்' (1999) ஏற்ற இறக்கமானது, ஏழாம் இடத்தோடு நின்றது. அந்தச் சுற்றுப்பயணத்துக்கு மேடை வடிவமைத்தவர் கட்டிடக் கலைஞர் ஸஹா ஹதீத், அவர் உலகப் புகழ் பெறுவதற்கு முன்னாலேயே. 2001இல் நாடகாசிரியர் ஜோனதன் ஹார்வியோடு சேர்ந்து 'குளோசர் டு ஹெவன்' என்ற இசை நாடகத்தை லண்டன் ஆர்ட்ஸ் தியேட்டரில் அரங்கேற்றினார்கள். சில மாதங்கள் ஓடியது. 2002இல் வந்த 'ரிலீஸ்' கிட்டார் பக்கம் சாய்ந்த, அடக்கமான ஆல்பம். அதன் பாட்டு ஒன்றுக்குப் புகைப்படக் கலைஞர் வொல்ஃப்காங் டில்மன்ஸ் எடுத்த காணொளி நினைவிருக்கிறது: லண்டன் சுரங்க ரயில் தண்டவாளத்தில் ஓடுகிற எலிகள்தான் பெரும்பகுதி. தொலைக்காட்சிகள் அதைப் போட விரும்பியிருக்குமா என்பது வேறு விஷயம்.

இந்த இடத்தில்தான் பல குழுக்கள் நின்றுவிடுகின்றன, அல்லது பழைய பாட்டுக் கச்சேரிகளுக்குத் திரும்பிவிடுகின்றன. பெட் ஷாப் பாய்ஸ் வேறு வேலைகளைத் தேடிப் போனார்கள். எனக்கு அவர்கள் மேல் மிகுந்த மரியாதை வந்தது இந்தக் கட்டத்தில்தான்.

2004 செப்டம்பர் 12ஆம் தேதி மாலை லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் பெரிய திரை கட்டி சோவியத் இயக்குநர் ஐஸன்ஸ்டைனின் 'பேட்டில்ஷிப் பொட்டெம்கின்' படத்தைத் திரையிட்டார்கள். 1925இல் எடுத்த மௌனப்படம். அதற்கு முழு நீளத்துக்கும் புதிய இசை எழுதி, டிரெஸ்டன் நகரத்துச் சிம்ஃபனிக் குழு ஒன்றோடு சேர்ந்து அங்கேயே நேரடியாக வாசித்தார்கள். பார்க்கக் கட்டணம் கிடையாது. மழையிலும் ஆயிரக்கணக்கில் கூட்டம். எத்தனையோ ஆர்ப்பாட்டங்கள் நடந்த சதுக்கம் என்பதால்தான் அந்த இடம். 2006இல் டிரெஸ்டனிலேயே அதை மறுபடி நடத்தினார்கள். அங்கே இசைக்கலைஞர்கள் மேடையில் இல்லை, ஒரு நீண்ட அடுக்குமாடிக் குடியிருப்பின் பால்கனிகளில் ஆளுக்கொரு இடமாக நின்று வாசித்தார்கள். சிங்கிள் விற்கிற கவலை இருக்கிறவர்களுக்கு இதையெல்லாம் யோசிக்கவே நேரம் கிடைக்காது.

அந்தப் பாதை நீண்டுகொண்டே போனது. 2011இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சனின் சிறுவர் கதை ஒன்றை வைத்து லண்டன் சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கில் 'தி மோஸ்ட் இன்க்ரெடிபிள் திங்' என்ற முழு பாலே. 2014 ஜூலையில் ராயல் ஆல்பர்ட் ஹாலில், பிபிசி ப்ராம்ஸ் விழாவில், 'எ மேன் ஃப்ரம் தி ஃபியூச்சர்'. இது கணினி அறிவியலின் முன்னோடி ஆலன் டியூரிங்கின் வாழ்க்கையைச் சொல்வது. ஓரினக் காதலுக்காகத் தண்டிக்கப்பட்ட அவருக்கு 2013 டிசம்பரில்தான் பிரிட்டன் அரசு மன்னிப்பு வழங்கியிருந்தது. ஆண்ட்ரூ ஹாட்ஜஸ் எழுதிய வாழ்க்கை வரலாற்றிலிருந்து எடுத்த வாசகங்களை இசைக்குழுவும் பாடகர் குழுவும் சூழ வாசித்துச் சொன்னார்கள். பாப் பாட்டு என்று நம்பிக் கேட்டால் ஏமாற்றமாக இருக்கும். பொறுமையாகக் கேட்டால் நெஞ்சை அடைக்கும்.

இதற்கு நடுவே பாப் பாட்டையும் விடவில்லை. 'ஃபண்டமென்டல்' (2006) ட்ரெவர் ஹார்ன் தயாரித்தது, அரசியல் கோபம் நிறைந்தது. அதில் 'ஐம் வித் ஸ்டுப்பிட்' டோனி பிளேருக்கும் ஜார்ஜ் புஷ்ஷுக்கும் இருந்த உறவை ஒரு காதல் கதையாகவே பாடுகிறது. 'யெஸ்' (2009) ஸெனோமேனியா என்ற தயாரிப்பாளர் குழுவோடு செய்தது, நான்காம் இடம். அதே வருடம் பிரிட் விருது விழாவில் ஒட்டுமொத்தப் பங்களிப்புக்கான விருது கிடைத்தது. அன்று மேடையில் லேடி காகாவும் பிராண்டன் ஃப்ளவர்ஸும் இவர்களோடு சேர்ந்து பாடினார்கள்.

அப்படிக் கௌரவித்து முடித்த இரண்டு வருடத்தில் இவர்கள் 'டேக் தட்' குழுவின் ஸ்டேடியம் சுற்றுப்பயணத்தில் முன்நிகழ்ச்சி வாசித்தார்கள். வெளிச்சம் இருக்கும்போதே, ஜனங்கள் இருக்கை தேடிக்கொண்டிருக்கும்போதே மேடை ஏறுகிற வேலை. 80களில் உலகத் தரவரிசையை ஆண்டவர்கள் அதைத் தயங்காமல் செய்தார்கள். எனக்கு அதில் எந்தக் குறையும் தெரியவில்லை. அத்தனை பெரிய கூட்டத்துக்குத் தங்கள் பாட்டைக் கொண்டுபோக ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான்.

2012இல் வந்த 'எலீசியம்' முதுமையைப் பற்றிய ஆல்பம். லாஸ் ஏஞ்சலஸில் பதிவு செய்தது, மெதுவானது. வயதாக ஆக மற்றவர்கள் கண்ணுக்கு நாம் தெரியாமல் போகிறோம் என்று 'இன்விசிபிள்' பாடுகிறது. 'யுவர் எர்லி ஸ்டஃப்' வாடகைக் கார் ஓட்டுநர்கள் டென்னன்ட்டிடம் சொல்கிற வாசகங்களால் ஆனது: உங்கள் பழைய பாட்டெல்லாம் பிடிக்கும், இப்போது என்ன செய்கிறீர்கள், ஓய்வா என்கிற மாதிரி. உங்கள் கேள்விக்கு இந்த ஒரு பாட்டையே பதிலாகக் கொடுத்திருக்கலாம்! ஆல்பம் ஒன்பதாம் இடம். விமர்சகர்கள் களைப்பாக இருக்கிறது என்றார்கள். எனக்கு அது பிடிக்கும். ஆனாலும் அந்தக் குற்றச்சாட்டு முழுக்கத் தப்பு என்று சொல்ல மாட்டேன், சில பாட்டுகள் தூங்கத்தான் செய்கின்றன.

பிறகு நடந்ததுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த திருப்பம். 1985 முதல் கூடவே இருந்த பார்லஃபோன் இசைத்தட்டு நிறுவனத்தை விட்டு வெளியே வந்தார்கள். 'எக்ஸ் டூ' என்று சொந்தமாக ஒரு பெயரை வைத்துக்கொண்டு, ஸ்டூவர்ட் ப்ரைஸ் என்ற தயாரிப்பாளரோடு உட்கார்ந்து, 'எலீசியம்' வந்து ஒரு வருடம் முடிவதற்குள் 2013 ஜூலையில் 'எலக்ட்ரிக்' ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை நடன இசை. ஒன்பதே பாட்டு, பெரும்பாலும் நீளமானவை. 17ஆம் நூற்றாண்டு இசையமைப்பாளர் பர்செல்லின் இசையை நம் காலத்து இசையமைப்பாளர் மைக்கேல் நைமன் எடுத்தாண்டிருந்தார், அந்த நைமனிடமிருந்து இவர்கள் எடுத்து, காதலில் தோற்ற ஓர் அறிவுஜீவியின் புலம்பலாக 'லவ் இஸ் எ பூர்ஷ்வா கன்ஸ்ட்ரக்ட்' என்று மாற்றியிருக்கிறார்கள். கடைசிப் பாட்டு 'வோகல்', முன்பின் தெரியாதவர்கள் நடுவில் ஒரு பாட்டு ஒலிக்கும்போது வருகிற நெருக்கத்தைப் பற்றியது. ஆல்பம் பிரிட்டனில் மூன்றாம் இடம், தொகுப்புகளை விட்டுவிட்டால் 'வெரி'க்குப் பிறகு அதுவரை அவர்களுக்குக் கிடைத்த மிக உயர்ந்த இடம். டென்னன்ட்டுக்கு அப்போது 59 வயது. முதுமையைப் பற்றிப் பாடி முடித்த கையோடு நடன அரங்குக்குத் திரும்பி வந்த மனிதர்.

இத்தனை வருடம் எப்படித் தாக்குப்பிடித்தார்கள்? எனக்குத் தோன்றுகிற காரணங்களில் முதலாவது கொஞ்சம் விசித்திரமானது: அவர்கள் எப்போதுமே ஆடவில்லை. 1986இலேயே டென்னன்ட் கோட்டு போட்டுக்கொண்டு அசையாமல் நின்று பாடினார். லோ தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகக் கீபோர்டுக்குப் பின்னால் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் நின்றார். பாய்ந்து குதித்துப் பெயர் வாங்கியவர்கள் அறுபது வயதில் என்ன செய்வது என்று தவிக்கிறார்கள். அசையாமல் நின்று பெயர் வாங்கியவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. அசைவு முழுக்க மேடையமைப்பிலும் உடையிலும் விளக்கிலும் இருக்கிறது, அதை ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்துகொள்ளலாம். டென்னன்ட்டின் குரலும் அப்படித்தான். மெல்லிய குரல், உரக்கக் கத்தி உழைத்த குரல் இல்லை. இன்றும் ஏறக்குறைய அதே குரல்.

இரண்டாவது, அவர்கள் பிரியவில்லை. இரட்டையர்கள் பெரும்பாலும் உச்சத்திலேயே உடைகிறார்கள். சைமன் - கார்ஃபங்கல் தங்கள் மிகப்பெரிய ஆல்பம் வந்த 1970இலேயே பிரிந்தார்கள். 'வாம்' குழு 1986இல் வெம்ப்லியில் விடைபெற்றது. இரண்டு பேர் என்றால் ஒருவர் முகமாகவும் மற்றவர் நிழலாகவும் ஆகிவிடுவது வழக்கம், நிழலுக்கு ஒருநாள் கோபம் வரும், அல்லது முகத்துக்குத் தனியாகப் போக ஆசை வரும். இங்கே பாட்டுகளை டென்னன்ட் - லோ என்று இருவர் பெயரிலும் சேர்த்தே எழுதிக்கொள்கிறார்கள். நிழலில் நிற்பது லோவுக்கு உண்மையாகவே பிடித்திருக்கிறது. பேட்டிகளில் அவர் பேசுவது குறைவு, பேசினால் ஊசி மாதிரி ஒரு வரி. பாட்டின் சந்தோஷம் பெரும்பாலும் அவரிடமிருந்தும் துயரம் டென்னன்ட்டிடமிருந்தும் வருகிறது என்று நான் எப்போதும் நினைத்துக்கொள்வேன். ஒன்றைப் பிரித்தால் மற்றது நிற்காது.

மூன்றாவது, பாட்டை வீணாக்கவில்லை. சிங்கிளின் மறுபக்கத்தில் போடுகிற பாட்டுகளை மற்றவர்கள் மிச்சம் மீதியாக நினைப்பார்கள். இவர்கள் அதில் ஆல்பத்தைவிட நல்ல பாட்டுகளை வைத்தார்கள். 1995இல் அவற்றை மட்டும் தொகுத்து 'ஆல்டர்நேட்டிவ்' என்று இரட்டை ஆல்பமாக வெளியிட்டபோது அது பிரிட்டனில் இரண்டாம் இடம் பிடித்தது.

சரி, பழைய பாட்டை வைத்துக் காலம் தள்ளுகிறார்களா என்ற பகுதிக்கும் பதில் சொல்லிவிட வேண்டும். வெற்றிப் பாடல்கள் மட்டுமே என்று அறிவித்து அவர்கள் போன முதல் சுற்றுப்பயணம் 'ட்ரீம்வேர்ல்ட்'. 2020இல் தொடங்க வேண்டியது, கொரோனாவால் தள்ளிப்போய் 2022 மே மாதம் மிலானில் ஆரம்பித்தது. அதாவது முதல் வெற்றி வந்து 36 வருடம் கழித்து. அந்த வருடம் கிளாஸ்டன்பரி விழாவிலும் பாடினார்கள். பழையதை மட்டுமே இசைப்பதை அத்தனை வருடம் தள்ளிப்போட்டதால் அது களைத்துப்போகாமல் இருந்தது. இதற்கிடையே பாட்டுகள் தாமாகவே புதிய காதுகளைத் தேடிப் போய்க்கொண்டிருந்தன. 2021இல் ரஸ்ஸல் டி டேவிஸ் 80களின் எய்ட்ஸ் காலத்தைப் பற்றி எழுதிய தொலைக்காட்சித் தொடருக்கு 'இட்ஸ் எ சின்' என்றே பெயர். 2023இல் வந்த இரண்டு பிரிட்டிஷ் படங்களில் 'ஆல்வேஸ் ஆன் மை மைண்ட்', 'ரென்ட்' இரண்டும் முக்கியமான இடங்களில் வருகின்றன. 'ரென்ட்' 1987இல் எட்டாம் இடத்தில் நின்ற பாட்டு.

அந்தச் சுற்றுப்பயணம் முடிவதற்குள்ளேயே, மீண்டும் பார்லஃபோன் வழியாக, 2024 ஏப்ரலில் 'நன்தலெஸ்' என்ற புதிய ஆல்பம் வந்தது. தயாரிப்பு ஜேம்ஸ் ஃபோர்ட். பிரிட்டனில் இரண்டாம் இடம், தொகுப்புகளை விட்டுவிட்டால் 1993க்குப் பிறகு மிக உயர்ந்தது. அதில் 'நியூ லண்டன் பாய்' என்று ஒரு பாட்டு. 70களில் லண்டனுக்கு வந்து இறங்கிய இளைஞன் ஒருவன் தான் யார் என்று தேடுகிறான். 'பீயிங் போரிங்' பாட்டின் இரண்டாம் சரணத்தில் ரயிலேறியவன் இவன்தான் என்று எனக்குத் தோன்றியது. எழுபதைத் தொடுகிற வயதில் டென்னன்ட் அவனை மறுபடி பார்க்கப் போயிருக்கிறார், இந்த முறை கொஞ்சம் கனிவோடு.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பீர்கள். 'பிஹேவியர்' ஆல்பத்தை இரவில், தனியாக, முதல் பாட்டிலிருந்து வரிசையாகக் கேளுங்கள். முதல் பாட்டே 'பீயிங் போரிங்'தான். இரண்டு நாள் விட்டு 'எலக்ட்ரிக்', சத்தத்தைக் கூட்டி வைத்து. அப்புறம் 'வெரி', அதற்கப்புறம் 'ஆல்டர்நேட்டிவ்'. 'எலீசியம்' மட்டும் இப்போதைக்கு வேண்டாம், ஐம்பது வயது தாண்டியதும் எடுத்துக்கொள்ளுங்கள்.